வெளிச்சம் குடித்த துணி

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் ஜன்னலே இல்லாத அறை ஒன்று உண்டு. பிரிண்டிங் பட்டறைக்குப் பின்புறம், பேஸ்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்த இடத்தைச் சுவர் வைத்து மறித்து, உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்து, கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டி, ஒரு பொட்டு வெளிச்சம் நுழையாதபடி செய்திருந்தார்கள். எல்லோருக்கும் அது இருட்டு ரூம். பட்டப்பகலில் அதற்குள் போய் உட்கார்ந்து, துணியில் வெளிச்சம் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது.

சங்கரன்கோவில் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில், அண்ணன் மனைவிக்கு இதை விளக்கப் போய் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். "இருட்டுக்குள்ள சும்மா உக்காந்திருக்கதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்காவ?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதிலிருந்து யார் கேட்டாலும் 'செக்கிங்' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வேன்.

வெளிநாட்டுக் குழந்தைகள் தூங்கும்போது போடுகிற பனியனும் பேன்ட்டும் நாங்கள் தைப்பது. நெஞ்சில் நிலா இருக்கும், சுற்றிலும் நட்சத்திரம். பகலில் பார்த்தால் அந்தப் பிரிண்ட் மோர்க்கறை போல வெளிறிக் கிடக்கும், காசு கொடுத்து இதை யார் வாங்குவார்கள் என்று தோன்றும். விளக்கை அணைத்தால்தான் அதன் வேலை தெரியும். பச்சையாக எரியும். பிரிண்ட் பேஸ்ட்டில் கலக்கும் பவுடரைப் பற்றி நான் முதல் நாள் கேட்டபோது பிரிண்டிங் மாஸ்டர், "அது வெளிச்சத்தக் குடிக்குமுங்க அம்மணி. குடிச்சு வயித்துல வெச்சுக்கிட்டு, இருட்டுன பொறவு மெதுவா கக்குமுங்க" என்றார். வேறு யாரும் அதைவிடத் தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

துணிக்குள் வெளிச்சத்தை அடைக்கலாம். எவ்வளவு நேரம் அடைத்து வைக்கலாம் என்பதில்தான் தகராறு. குழந்தை தூங்கிப் போகும்வரை நிலா தெரிய வேண்டும் என்பது துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்களின் கணக்கு. அதற்கு ஒரு நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு லாட்டிலும் சில பீஸ்களை எடுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பி, எதிர்ச்சுவரில் இருக்கும் நீல டியூப்பைப் போட்டு வெளிச்சம் காட்டுவேன். அந்த நேரம் முழுக்க என் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொள்வேன், கண்ணில் வெளிச்சம் பட்டால் இருட்டு பழகாது. பிறகு டியூப்பை அணைத்து, கட்டை அவிழ்த்து, டைமரைத் திருகி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். டைமர் அடிக்கும்போது நிலா தெரிந்தால் பாஸ். தெரியவில்லையென்றால் மொத்த லாட்டும் நிற்கும்.

என் கண்ணுக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது. மற்றவர்கள் அணைந்துவிட்டது என்று சொல்லும் பிரிண்டில், "இல்லை, இடது ஓரத்துல இன்னும் இருக்கு" என்று நான் சொல்வேன். நன்றாக உற்றுப் பார்த்தால் இருக்கும். முதலாளி வெளியாட்களைக் கூட்டி வரும்போதெல்லாம், "எங்க அம்மணி கண்ணுக்குத் தப்பாதுங்க" என்று பெருமை பேசுவார். நானும் கெத்தாக நின்றுகொள்வேன். என்னிடம் சொல்லிக்கொள்ள வேறு என்ன இருந்தது? படிப்பு பாதியில் நின்றது. தம்பி தங்கைகளைக் கரையேற்றும்வரை கல்யாணம் தள்ளிப் போனது, பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அந்தக் கண்ணும் அந்த ரூமும்தான் என் சொத்து.

ரூம் என்று சொல்லும்போது என் குரல் மாறுவதாகக் கூட வேலை செய்தவர்கள் கிண்டல் செய்வார்கள். தையல் மெஷின்களின் இரைச்சல் அங்கே வராது. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தனியாக இருக்கிறோம் என்பது வெளியே ஆட்களுக்கு நடுவில்தான் உறுத்தும், உள்ளே அது உறுத்தாது. இருட்டில் எல்லோருமே தனிதானே என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் உண்டு, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ரூமில் டியூப்புக்கு எதிரே ஒரு சுவர் முழுக்க டெஸ்ட் ஷீட் தொங்கும், டியூப் ஸ்விட்சும் அதை ஒட்டித்தான். நிலா, நட்சத்திரம் எதுவும் இல்லாமல், அந்தப் பவுடரையே முழுத் துணிக்கும் பூசி மாஸ்டர் அடித்துக் கொடுத்தது. புது லாட் வந்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. ஒருநாள் அதன்மேல் சாய்ந்து நின்றபடி, கண்ணைக் கட்டிக்கொண்டு டியூப்பைப் போட்டுவிட்டேன். அணைத்து, கட்டை அவிழ்த்துத் திரும்பினால் சுவர் முழுக்கப் பச்சையாக எரிகிறது, நடுவில் நான் கறுப்பாக நிற்கிறேன். என் உயரம், என் கொண்டை, கம்பெனிக் கோட்டின் தோள்பட்டை. நான் இரண்டு அடி தள்ளி வந்து உட்கார்ந்த பிறகும் அது அங்கேயே நின்றது. என் உடம்பு மறித்த இடத்தில் துணி வெளிச்சம் குடிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அதன் பிறகு தினமும் ஒருமுறையாவது போய் நிற்பேன். சில நாள் ஒரு கை தூக்கி, சில நாள் இடுப்பில் கை வைத்து, நல்ல மனநிலை இருந்தால் இரண்டு கையையும் விரித்து. அந்த வயதில் அப்படி விளையாடினேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நிழலோடு பேசியிருக்கிறேன். காலையில் குழாயடியில் யாரோடு சண்டை என்பதை அதனிடம்தான் சொல்வேன். பதில் வராது, பாதியில் எழுந்தும் போகாது. அது போதும் எனக்கு.

நான் குடியிருப்பது ஒரு காம்பவுண்டுக்குள் இருக்கும் லைன் வீடுகளில் கடைசி அறை. இந்தப் பக்கம் புதிதாகக் கல்யாணமான ஜோடி, அந்தப் பக்கம் ஒடிசாப் பையன்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காம்பவுண்டே காலியாகிவிடும், ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுவார்கள். தீபாவளிக்குக் கேட்கவே வேண்டாம். தெற்கே போகும் பஸ்ஸுக்கு ஊரே பஸ் ஸ்டாண்டில் முட்டி மோதும். நானும் முன்பு முட்டினேன். அம்மா போன பிறகு, வருகிறேன் என்று சொன்னால் அண்ணன் வீட்டில் ஒரு நொடி அமைதி வரத் தொடங்கியது. அந்த ஒரு நொடி எனக்குப் போதுமானதாக இருந்தது. இப்போதெல்லாம் தீபாவளிக்கு இங்கேயேதான். அன்றைக்குக் குழாயடியில் வரிசை கிடையாது. வேண்டிய மட்டும் தண்ணீர் பிடிக்கலாம். பிடித்து என்ன செய்வது என்றுதான் தெரியாது.

கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், நிலாக்கள் வரிசையாக அடித்த ரிஜெக்ட் துணி ஒன்றை ஆணியடித்து மாட்டியிருந்தேன். விளக்கை அணைத்ததும் அத்தனை நிலாவும் எரியும். அதைப் பார்த்தபடியே தூங்கிப் போவேன். வெளிநாட்டுக்காரர்கள் போட்ட கணக்கு தப்பில்லை, பெரியவர்களுக்கும் அது பொருந்தும்.

ஆடி கழிந்து கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பிரிண்டுகள் கோளாறு செய்ய ஆரம்பித்தன. டியூப்பை அணைத்ததும் நன்றாக எரிகிறது. பிறகு டைமர் அடிப்பதற்கு வெகு முன்பே மங்கிப் போய்விடுகிறது. முதல் லாட்டை நிறுத்தினேன். அடுத்ததையும் நிறுத்தினேன்.

மாஸ்டர் வெள்ளகோவில் பக்கத்துக்காரர். சத்தமாகப் பேசிப் பார்த்ததில்லை. கையில் எப்போதும் பேஸ்ட் காய்ந்து செதில் செதிலாக ஒட்டியிருக்கும். ரூம் வாசலில் வந்து நின்று, "ஏனுங்க அம்மணி, அதே பவுடரு, அதே பேஸ்ட்டு, அதே ஸ்கிரீனுங்க. நானு எதையுமே மாத்துலீங்க" என்றார்.

"அப்ப ஏன் நிக்கலை?"

"அதுதானுங்க எனக்கும் புரியிலீங்க."

அவர் பவுடரைக் கூட்டிப் போட்டு அடித்துக் கொடுத்தார். நிலா அட்டை போல விறைத்துப் போனதே தவிர, நேரம் கூடவில்லை. டெஸ்ட் ஷீட்டும் பழசாகிவிட்டது என்று சண்டை போட்டுப் புதுசு வாங்கினேன். என் நிழல்கூட முன்பு போல நிற்பதில்லை, திரும்பிப் பார்த்துச் சற்று நேரத்துக்கெல்லாம் சுவரோடு சுவராகக் கரைந்துவிடுகிறது. புது ஷீட்டிலும் அப்படியே. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நாலு பேர் நிற்கும்போதே, "பவுடரைக் குறைச்சுப் போட்டுட்டு எங்கிட்ட கதை சொல்லாதீங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். ஒரு பிரிண்டிங் மாஸ்டரைப் பார்த்து அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. அவர் முகம் சுண்டிப் போய்விட்டது. அதன் பிறகு என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். தானே இருட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, பிரிண்ட் நிற்கிறது என்று முதலாளியிடம் சொன்னாராம்.

அந்த மாதங்களில் எனக்கு ஊரில் யாரைப் பார்த்தாலும் கோபம். காம்பவுண்டில் யாரோ வழியிலேயே வாளியை வைக்கிறார்கள், ஒன்றரை ஷிஃப்ட் முடித்து இருட்டில் வருகிறவள் காலில் இடிக்காதா? தெரு விளக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, வரி மட்டும் வாங்கத் தெரிகிறது. டீக்கடைக்காரர் பெஞ்சை ரோட்டுக்கே இழுத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள், "அக்கா, அந்த வாளி எப்பவும் அங்கதானே இருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். அவளையும் ஒரு பிடி பிடித்தேன். அறையில் மாட்டியிருந்த நிலாக்களும் சீக்கிரமே அணையத் தொடங்கின. ரிஜெக்ட் துணிதானே, பிறகெப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நான் நிறுத்திய லாட்டுகளின் மூட்டைகள் நடைபாதைவரை வந்து நின்றதும் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"நீங்க நிக்கிலைங்கறீங்க, அவரு நிக்குதுங்கறாரு. நானு ஆர நம்பறதுங்க? ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள உக்காந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

எனக்கு நிலைமை புரிந்தது. பிரிண்ட் நிற்கவில்லையென்றால் மாஸ்டர் வெளியே போவார். நின்றால் என் பேச்சுக்கு இனி மரியாதை இல்லை, அந்த ரூமும் எனக்கு இல்லை. எனக்குத் துளியும் பயம் இருக்கவில்லை. என் கண்ணை நான் அவ்வளவு நம்பினேன்.

உள்ளே இரண்டு ஸ்டூல். மேஜையில் பீஸ்களை வரிசையாகப் பரப்பினேன். அவருக்கும் ஒரு கறுப்புத் துணி கொடுத்துக் கண்ணைக் கட்டச் சொன்னேன். அந்த ரூமுக்குள் இன்னொரு ஆள் மூச்சு விடும் சத்தம் கேட்டது எனக்குப் புதிதாக இருந்தது. டியூப்பை அணைத்துவிட்டு இருவரும் கட்டை அவிழ்த்தோம். நிலாக்கள் ஜோராக எரிந்தன. அவர் டைமரைத் திருகினார். மேஜையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

மெல்ல மங்கியது. ஓரங்கள் முதலில் போயின, பிறகு நட்சத்திரம், பிறகு நிலாவும் போனது. மேஜை இருந்த இடத்தில் வெறும் இருட்டு.

"போச்சு. பாத்துக்கிட்டீங்களா?" என்றேன்.

"என்னங்க அம்மணி, எரியுதுங்களே" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோபம் வந்தால் எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டே பொய் சொல்லுதியளே மாஸ்டர், நல்லாயிருக்கா?"

"பொய்யில்லீங்க. எல்லாமே எரியுதுங்க. கொஞ்சம் மங்கலுதானுங்க, ஆனாத் தெரியுதுங்க."

இந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். கண்ணைக் கட்டியிருந்த கறுப்புத் துணி என் மடியில் கிடந்தது. சத்தம் வராமல் எடுத்து, கையால் தடவிப் பார்த்து, வரிசையில் கடைசியாக இருந்த பீஸின் மேல் விரித்தேன். உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. பிறகு தேன் போலக் குரலை வைத்துக்கொண்டு, "இப்பவும் எல்லா நிலாவும் எரியுதா மாஸ்டர்?" என்று கேட்டேன்.

அவர் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

"இல்லீங்க" என்றார். "கடைசி பீசு மேல உங்க கறுப்புத் துணியப் போட்டீங்களே, அது மட்டும் தெரியிலீங்க. மத்ததெல்லாம் எரியுதுங்க." பிறகு மெதுவாக, "ஏனுங்க அம்மணி, அத எதுக்குங்க மூடுனீங்க?"

 என் கை தானாக நீண்டு அந்தத் துணியை எடுத்தது. அதன் அடியில் ஒரு நிலா எரிகிறது என்று எனக்குத் தெரியும், என் முகத்துக்கு நேராக எரிகிறது. எனக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இன்னும் கிட்டத்தில் குனிந்தேன். மூக்கில் பேஸ்ட் வாசனை அடிக்கும் அளவு கிட்டத்தில். அப்போதும் ஒன்றுமில்லை. வாளி, பெஞ்ச், தெரு விளக்கு, என் நிழல் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தன. 

டைமர் அடித்தது. "அம்மணி, உங்களுக்கு ஒண்ணுமே தெரியிலீங்களா?" என்றார் மாஸ்டர்.

"லைட்டைப் போடுங்க" என்றேன்.

விளக்கு வந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு பீஸ்களை மடித்துக்கொண்டிருந்தார். வெளியே முதலாளியிடம், "லாட்டு பாஸுங்க. அம்மணியும் சரின்னுட்டாங்க" என்று மட்டும் சொன்னார். நான் அவரைத் திட்டிய வார்த்தை இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது. அவர் நினைத்திருந்தால் எல்லோர் முன்னாலும் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

அந்த வாரமே லீவு போட்டுக் கோயம்புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணில் சொட்டு மருந்து விடும்போது நர்ஸ், "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டாள். யாரும் வரவில்லை என்றேன். "மருந்து விட்டா கொஞ்ச நேரம் சரியாத் தெரியாதும்மா, யாராவது கூட இருக்கணும்" என்றாள். இல்லாத ஆளுக்கு நான் எங்கே போவது? சுவரோரமாக இடம் பார்த்து உட்காரவைத்துவிட்டுப் போனாள்.

டாக்டர் ஒரு பெண். வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா அம்மா சொந்தத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டவங்களா?" என்றார். அம்மா கட்டிக்கொண்டது தன் தாய்மாமனை. அதைச் சொன்னதும் தலையாட்டிக்கொண்டார். திருப்பூர் என்று தெரிந்ததும் சாயத்தை வைத்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கண்ணுக்குள் ஊதா நிறத்தில் ஒன்று இருக்கிறதாம், இருட்டில் பார்ப்பதெல்லாம் அதை வைத்துத்தான். வெளிச்சம் பட்டால் அது வெளுத்துவிடும். இருட்டில் இருந்தால் மறுபடி சாயம் ஏறிக்கொள்ளும். "உங்களுக்கு அந்தச் சாயம் ஏர்ற இடம் கொஞ்சம் கொஞ்சமாக் கெட்டுக்கிட்டு வருது. முதல்ல இருட்டுப் பார்வை போகும், பிறகு ஓரங்கள். நடுப்பார்வை ரொம்ப காலம் இருக்கும், பகல்ல வேலை செய்யலாம்."

"மருந்து?"

"போறதை நிறுத்த உறுதியா ஒண்ணும் இல்லம்மா."

"எங்க கம்பெனியில ஒரு பவுடர் இருக்கு டாக்டர், வெளிச்சத்தை வாங்கி வச்சுக்கிடும். அது மாதிரி கண்ணுக்கு எதுவும் கிடையாதா?"

அவர் சிரிக்கவில்லை. கிடையாது என்று தலையை மட்டும் ஆட்டினார். நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. கேட்காமல் வந்திருந்தால் அது மனதிலேயே கிடந்து அரித்திருக்கும்.

திரும்பி வர ரயில். சொட்டு மருந்தால் கண் விரிந்துபோய், சோமனூர் வரைக்கும் வெளியே பார்க்கவே முடியவில்லை. சோளக்காடு, தகரக் கூரை, விசைத்தறிக் கொட்டகை எல்லாமே வெள்ளையாக எரிந்தன. இவ்வளவு வெளிச்சம் ஊரெல்லாம் கேட்பாரற்றுக் கொட்டிக் கிடக்கிறது, அதில் ஒரு கைப்பிடியை எனக்கென்று எடுத்து வைக்க வழியில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். எதிரில் இருந்தவர்கள் வெயில் தாங்கவில்லை என்று நினைத்திருப்பார்கள்.

அன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நிலாக்கள் எரிந்து மங்கி, எனக்கு இல்லாமல் போயின. ஆனால் அவை அங்கே எரிந்துகொண்டுதான் இருக்கின்றன, இத்தனை மாதமும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. நான் அணைந்துவிட்டது என்று திரும்பிப் படுத்த பிறகும் யாரும் பார்க்காமல் சுவரில் எரிந்திருக்கின்றன. அந்த நினைப்புதான் என்னை அழ வைத்தது. டாக்டர் சொன்னதுகூட அவ்வளவு அழ வைக்கவில்லை. எழுந்து போய்த் துணியைக் கையால் தொட்டுப் பார்த்தேன். சூடு கீடு எதுவும் இல்லை, வெறும் பனியன் துணி.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். பூசி மெழுகாமல், இருட்டில் எனக்குக் கண் தெரியாது, நிறுத்திய லாட்டெல்லாம் நல்ல லாட்டு, மாஸ்டர் மேல் தப்பில்லை என்றேன். மாஸ்டரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார், அவர் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். முதலாளி சங்கடப்பட்டுப்போய்த் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பகல்ல டேபிள் செக்கிங் பாருங்க அம்மணி, நல்ல வெளிச்சத்துல உக்காருங்க. இங்கயே இருங்க" என்றார். வேலை போகவில்லை. ரூம்தான் போனது.

ரூமைக் காலி செய்யப் போனேன். காலி செய்ய என்ன இருக்கிறது, ஒரு தண்ணீர் பாட்டில், ஸ்டூலில் போட்டிருந்த பழைய மெத்தைத்துணி, கறுப்புத் துணி. எடுத்துக்கொண்டு கிளம்பியவள் கதவருகே நின்றுவிட்டேன். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, டெஸ்ட் ஷீட்டில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். இந்த முறை கண்ணைக் கட்டவில்லை. கட்டி என்ன ஆகப்போகிறது? டியூப்பைப் போட்டு, வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றேன். துணி வயிறு முட்டக் குடிக்கட்டும் என்று நின்றேன்.

அணைத்துவிட்டுத் திரும்பினேன். சுவரில் நின்றாள். கொண்டையும் விரித்த கையுமாக. சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. அதற்குள் அவள் மங்கத் தொடங்கிவிட்டாள். சுவர் எது, அவள் எது என்று தெரியாமல் போனதும், கதவைத் தடவிக் கண்டுபிடித்து வெளியே வந்தேன். மாஸ்டர் அடுத்த லாட் பீஸ்களோடு வாசலில் காத்திருந்தார். அந்தச் செக்கிங்கை இனி அவரே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

"முடிஞ்சுதுங்களா அம்மணி?"

"முடிஞ்சது. போங்க" என்றேன்.

மறுநாள் டேபிள் செக்கிங்கில் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே வரிசையாக டியூப் லைட், சுற்றிலும் முப்பது பேர் பேச்சு, ரேடியோ. பதினொரு மணி டீ வந்தபோது மாஸ்டர் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். வேலைப் பேச்சைத் தவிர என்னோடு பேசுவதை நிறுத்தியவர் தானாக வந்து நிற்கிறாரே என்று பார்த்தேன்.

"நேத்து நீங்க போன பொறவு உள்ள போனனுங்க" என்றார். "செவுத்துல உங்க நெழலு நின்னுச்சுங்க. ரெண்டு கையும் விரிச்சாப்பல."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இத்தனை வருடம் ஒளித்து வைத்திருந்த விளையாட்டு இப்படியா வெளியே வர வேண்டும்? அவர் சிரிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"டியூப்பப் போட்டா அழிஞ்சு போயிருமுங்களே. அதுனால போடுலீங்க. பீச ஓரமா வெச்சுட்டு, அது இருக்கறவரைக்கும் ஸ்டூலுல உக்காந்திருந்தனுங்க."

"எவ்வளவு நேரம்?"

"வெகு நேரமுங்க. நீங்க ஊட்டுக்கே போயிருப்பீங்க, அது இங்க நின்னுட்டிருந்துச்சுங்க." டீயை ஒரு வாய் குடித்தார். "அப்பறமும் நெழலு போகிலீங்க அம்மணி. சுத்தியிருந்த வெளிச்சந்தான் போச்சு."

"உங்களுக்கு வேற வேலை இல்லையா மாஸ்டர்?" என்று கத்திவிட்டேன். அவர் டம்ளரோடு பட்டறைக்குப் போனார்.

ஊரிலிருந்து கிளம்பியபோதும் சரி, அண்ணன் வீட்டிலிருந்து கடைசியாக வந்தபோதும் சரி, நான் போன பிறகு நான் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருந்ததில்லை. பஸ் நகரும் முன்பே திரும்பிப் போய்விடுவார்கள். கையில் இருந்த பனியனில் அழுக்குத் தேடினேன், கண் கலங்கியதில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் என்ன அக்கா என்றாள். தூசி என்று சொல்லிவிட்டு, அந்தப் பனியனாலேயே கண்ணைத் துடைத்து அதை ரிஜெக்ட் பக்கம் போட்டேன்.